மருமகன் பேருக்கு வந்த மீன்குழம்பு

என் தங்கை தன் மகனுக்காகக் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை இருபத்து மூன்று நாள் நான் தின்றேன். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே தின்றேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறகு வீட்டுக்குப் போய் மனைவி சுட்ட தோசையையும் தின்றேன். இதைக் கொள்கைக்காகச் செய்தேன் என்றால் நம்ப வேண்டும். கொள்கைக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்; கொள்கைக்காக ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டவர் யாரையும் இதுவரை புத்தகத்தில் சந்திக்கவில்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், ஆஸ்பத்திரி பில்களை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வேலை. கால் ஒடிந்தது என்று ஒருவர் எழுதினால் எந்தக் கால் என்று கேட்பேன். இடது என்றால், அப்படியானால் வலதுக்கு ஏன் எக்ஸ்ரே என்பேன். இருபத்தெட்டு வருடம் இப்படிக் கேட்டவன், வீட்டுப் படியேறியதும் நம்ப ஆரம்பித்துவிட முடியாது. புத்தகம் வாங்கினால்கூட, முன்னுரை எழுதியவருக்கு ஆசிரியர் என்ன உறவு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தங்கை குடும்பம் அனகாபுத்தூரில் இருக்கிறது. எங்கள் பெற்றோர் காலத்தில் கிறிஸ்தவர்களாக இருப்பது என்றால் ஞாயிறு காலையில் இஸ்திரி போட்ட சட்டை, மத்தியானம் பிரியாணி. நான் அந்த மட்டத்திலேயே நின்றுவிட்டேன். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு, நகை போடாத, டிவி வைக்காத ஒரு சின்ன சபையில் சேர்ந்தாள். மாப்பிள்ளை அங்கே மூப்பர், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், தன் வீட்டில் வேறு யாரையும் சொல்லவும் விட மாட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் வீட்டில் தினமும் மாலை குடும்ப ஜெபம். ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்ல வேண்டும்: பரீட்சை, மூட்டுவலி, ஆற்றில் தண்ணீர் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது மாதிரி. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகனுக்குப் பதினெட்டு வயது. ஒரு நாள் தன் முறை வந்தபோது அவன் சொன்னானாம்: "எனக்குப் பொண்ணுங்க மேல விருப்பம் வரல. பசங்க மேலதான் வருது. மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா ஜெபம் பண்ணிட்டேன். இனிமே அப்படிக் கேக்க மாட்டேன். இப்படியே இருக்கறதுக்கு பெலன் கேக்குறேன்."

மாப்பிள்ளை கத்தவில்லை. வேதாகமத்தை மூடி வைத்தார். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு ஜெப வீட்டில் நாற்பது நாள் உபவாசம் இருந்து விடுதலையோடு திரும்பி வரலாம், இல்லையென்றால் இந்த வீட்டில் இடமில்லை என்றார். தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாளாம். அவன் கல்லூரிப் பையோடு கிளம்பி, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, நான் சொல்றதக் கேட்டுட்டு, அப்புறம் உள்ள கூப்பிடலாமான்னு முடிவு பண்ணுங்க."

கேட்டேன். கேட்டுவிட்டு, தொழில் புத்தி, "நிச்சயமாத் தெரியுமா?" என்றேன்.

என் மனைவி என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ உங்கள யாராவது இந்தக் கேள்வி கேட்டாங்களா? நீ வாப்பா. கைகால் கழுவிட்டு வா, அத்தை தட்டு வைக்கிறேன்."

அவ்வளவுதான் எங்கள் வீட்டு விவாதம். அவனுக்கு என் புத்தக அறையைக் கொடுத்தோம்.

மறுவாரம் சபையிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். பையன் கல்லூரியில் இருந்தான். காபி குடித்தார்கள், என் சர்க்கரை வியாதியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. போன பிறகு வாசல் நிலையைத் தடவிப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு எண்ணெய். முகர்ந்தேன். ஆலிவ். ஜெபித்த எண்ணெயைத் தொட்டு வைத்தால் அந்த வீட்டிலிருப்பவர் மனம் திரும்புவார் என்பது அவர்கள் நம்பிக்கை. பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு நிலையைக் கழுவினேன். அதிலிருந்து எனக்கு எல்லாமே எண்ணெயாகத் தெரிந்தது. எதிர் ஃப்ளாட்காரர் அவனிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டால்கூட, இவருக்கு எதற்கு இந்தத் தகவல், யாருக்குப் போய்ச் சேரும் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

இந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான் டப்பா வந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம், மின்சார ரயிலை விட்டிறங்கி, குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால், அங்கே தங்கை நின்றிருந்தாள். அவள் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையிலிருந்ததை என்னிடம் நீட்டினாள். துணிப்பைக்குள் இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா.

"அவனுக்கு," என்றாள். போய்விட்டாள்.

புருஷனுக்குப் பயந்து மகனைப் போனில்கூடக் கூப்பிடாதவள், சாப்பாடு மட்டும் எப்படிக் கொடுக்கிறாள்? யார் கொடுக்கச் சொன்னது? ஷேர் ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பூங்காவில் உட்கார்ந்து திறந்தேன். வஞ்சிர மீன் குழம்பு. மேலே எண்ணெய் மிதந்தது. மீன்குழம்பு என்றால் எண்ணெய் மிதக்கத்தான் செய்யும் என்பது எந்த மனிதனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை. குனிந்து முகர்ந்தேன். ஆலிவ் மாதிரியும் இருந்தது, மாதிரி இல்லாமலும் இருந்தது.

அவனிடம் கொடுத்தால் தின்பான், அதன் வழியாக அந்தச் சபைக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று தோன்றியது. எண்ணெயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்புறம் ஏன் பயந்தேன் என்று கேட்காதீர்கள், நானே கேட்டுக்கொள்ளவில்லை. கீழே கொட்டவும் மனம் வரவில்லை, வஞ்சிரம் விற்கிற விலையில். தின்றேன். டப்பாவைப் பூங்காக் குழாயில் கழுவினேன். மறுநாள் சாயங்காலம் காலி டப்பாவைக் கொடுத்தேன், அவள் அடுத்த டப்பாவைக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் இதே கதை.

வெள்ளிக்கிழமையும் டப்பா வந்ததும் என் சந்தேகம் கெட்டிப்பட்டது. வெள்ளி அவர்கள் வீட்டில் உபவாசம், அடுப்பே எரியாது. அடுப்பு எரியாத வீட்டிலிருந்து குழம்பு எப்படி வரும்? சபையே சேர்ந்து சமைக்கிறது என்று முடிவு கட்டி, அதையும் வழித்துத் தின்றேன். பூங்காவைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.

"இன்னா சார், டெய்லி இங்கயே குந்திகினு துன்றியே. வூட்ல எதனா பேஜாரா?"

"இல்லம்மா, காத்தாட சாப்பிடலாம்னு."

"காத்தா? அந்தாண்ட பார் சார், சாக்கடைதான் கீது."

வீட்டில் பையன் முதல் வாரம் தினமும் கேட்டான்: "அம்மா ஏதாவது சொன்னாங்களா மாமா?"

"இல்லப்பா," என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. 'அவனுக்கு' என்ற ஒரு சொல்லைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லைதான். இந்த மாதிரி பதில் எழுதுகிறவர்களின் விண்ணப்பத்தைத்தான் நான் ஆபீசில் திருப்பி அனுப்புவேன்.

இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்தினான். மூன்றாவது வாரம் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான். நான் அவன் போனை நோட்டம் விட்டேன். அப்பா ஏதாவது அனுப்பி மிரட்டுகிறாரோ என்று. அந்த நான்கு வாரத்தில் உலகத்தில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருவன்தான் இருந்தான், அவன் தினமும் பூங்காவில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி வெள்ளிக்கிழமை இருபத்து மூன்றாவது டப்பாவைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பையன் சொன்னான்: "திங்கக்கிழமை அந்த ஜெப வீட்டுக்குப் போறேன் மாமா. அப்பாவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்."

என் மனைவி கையிலிருந்த தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். "ஏண்டா கண்ணு? மாறிடுவேன்னு நம்புறியா?"

"மாற மாட்டேன் அத்தை. தெரியும். ஆனா போய்ட்டு வந்தா அம்மா பேசுவாங்கல்ல? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சாப்பிட்டியான்னுகூட ஒரு வார்த்தை கேக்கல."

எனக்குத் தொண்டை வரை மீன் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படிச் சொன்னால் நான் குறைந்த முட்டாளாகத் தெரிவேன் என்று படுக்கையில் வாக்கியங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்படி ஒரு வாக்கியம் தமிழில் இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காலிங்பெல் அடித்தது. தங்கை. ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் தெருப்பக்கம் வராதவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"வியாழக்கிழமை கத்திரிக்காய யார் தின்னது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "எந்தக் கத்திரிக்காய்?"

பையன் அறையிலிருந்து வந்தான். தங்கை நேராக அவனிடம் போய் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "உதட்டைக் காட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்திரிக்காய் தின்றால் அவனுக்கு உதடு வீங்கும். குழந்தையிலிருந்தே. தாய்மாமன் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும். அவள் என் தங்கை, அவளுக்கும் அதே புத்தி. டப்பா தினமும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வருவது அவளுக்கு உறுத்தியிருக்கிறது. அவன் கறிவேப்பிலையை ஒதுக்குகிறவன். கறிவேப்பிலைகூடத் திரும்பி வரவில்லை. அதனால் வேண்டுமென்றே எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்து அனுப்பியிருக்கிறாள். அதுவும் காலியாகத் திரும்பிப் போயிருக்கிறது.

"எந்த டப்பா? எனக்கு ஒண்ணும் வரலியேம்மா," என்றான் அவன்.

"தெனம் குடுத்தேனேடா. ஸ்கூல் இருக்குற நாள் பூரா."

"தெனமுமா?"

"வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அடுப்புல செஞ்சேன், அப்பாவுக்குத் தெரியாம."

அவன் உட்கார்ந்துவிட்டான். அழுதான் என்று எழுதினால் போதும், எப்படி என்று எழுத எனக்கு உரிமையில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணெய், வாசல் நிலை, பூங்கா, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது.

"மொத நாள் ஒரு சொட்டு விட்டேன்தான்," என்றாள் தங்கை. "அப்புறம் விடல. அந்த எண்ணெய் மீன்குழம்புக்குச் சரிப்படல."

அவன் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டான். பிறகு கேட்டான்: "அம்மா, திங்கக்கிழமை நான் போகட்டுமா?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "அப்பா சொல்றது தப்புன்னு எனக்குச் சொல்ல வரல," என்றாள். "நீ சொல்றதும் எனக்குப் புரியல. ஆனா அங்க ஒரு வேளைதான் கஞ்சி. நாப்பது நாள் நீ தாங்க மாட்டே. போகாத. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை இதுவரை வரவில்லை. சபையின் வாட்ஸ்அப் குழுவில் பேர் சொல்லாமல் ஒரு வாலிபனுக்காக விண்ணப்பம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பையன் போகவில்லை. என் புத்தக அறையில்தான் படிக்கிறான். டப்பாவும் நிற்கவில்லை, ஸ்டேஷன் வாசலில் இன்னும் என் கையில்தான் தருகிறாள். என் மேல் நம்பிக்கை திரும்பிவிட்டது என்று நானும் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தேன்.

போன வாரம் நேராக வீட்டுக்கு வந்து, பூங்காப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், டப்பாவை அவன் முன் வைத்தேன். திறந்தான். கரண்டியால் குழம்பைக் கிளறினான். இன்னொரு முறை கிளறி, மீன் துண்டுகளை எண்ணினான்.

"அம்மா போன்ல நாலு துண்டுன்னு சொன்னாங்களே மாமா."