இரண்டு விசில்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் அந்தப் பழைய சுரங்கக் குழிக்குப் பக்கத்தில் அன்று காலை இருந்தவர்கள்: நான், என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த முனுசாமி, பெங்களூரிலிருந்து வந்த தீபக், அவருடைய தங்கை அனிதா.

அண்ணனும் தங்கையும் ஊர் ஊராகப் போய்க் குகைகளில் இறங்குகிறவர்கள். ஆந்திராவில் குகை அகலம், மேகாலயாவில் குகைக்குள்ளேயே ஆறு ஓடும் என்று பேசிக்கொண்டார்கள். தனக்கு மேகாலயாதான் பிடிக்கும் என்றார் தீபக்.

"அங்க கேஜ் இருக்குதா சார்?" என்று, சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டைச் சொல்லி முனுசாமி கிண்டல் செய்தான்.

"எங்க குழிய பாத்துட்டு அப்பறமா சொல்லுங்க" என்றேன். மூடிப்போன குழி, இறங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவர்களைக் கூட்டிவந்தது நான்தான்.

"கீழ போயி விசில் குடுக்கறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தீபக், நானும் முனுசாமியும் பிடித்திருந்த கயிற்றில் இறங்கினார். எத்தனை விசிலுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அனிதா டார்ச் எடுக்கக் காருக்குப் போனாள்.

உள்ளேயிருந்து இரண்டு விசில் வந்தது. எங்கள் சுரங்கத்தில் இரண்டு மணி அடித்தால் இறக்கு என்று அர்த்தம். கயிற்றை விட்டோம். மறுபடி இரண்டு. இன்னும் விட்டோம். மறுபடி இரண்டு, வேகமாக.

"இன்னா அவசரம் இவருக்கு?" என்று முனுசாமி சிரித்தான். அப்போதும் விட்டோம். பிறகு சத்தமே இல்லை.

விசில் கேட்டு அனிதா ஓடிவந்தாள். "ரெண்டுன்னா மேல தூக்குங்கன்னு அர்த்தம் அங்கிள்! தூக்குங்க!"

தூக்கினோம். கீழே தண்ணீர் நின்றிருக்கிறது. உயிர் இல்லை.

தீபக் விசிலில் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்தது. அவருடைய பேச்சாக விழவில்லை, என் பழைய வேலையாக விழுந்தது. மொத்தம் எத்தனை விசில் கேட்டது என்று போலீஸில் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன்.

ஆறு.