வெள்ளிக்கிழமைக் கறி

“…சுதந்திரம் வந்துட்டா வெள்ளிக்கிழமை கறி தின்னலாமா? கறி தொடக்கூடாத சுத்தபோசன நாளு, தெரியுமில்ல உனக்கு?”

இன்று வெள்ளி. கீழ்வீட்டில் கறி வதங்கும் வாசனை வந்ததுமே அப்பாவின் அந்தக் குரல் காதில் விழுந்துவிட்டது. நாட்டுக்கு விடுதலை கிடைத்த அன்றும் வெள்ளிதான். மயிலாப்பூரில் எங்கள் வீடு. மறியல் செய்து சிறைக்குப் போய் வந்தவர் சித்தப்பா. அரசாங்கத்தை எதிர்ப்பது பாவம் என்று பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து அப்பா அவரை வீட்டில் சேர்ப்பதில்லை. அன்று அம்மாவே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கதர்ச் சட்டையோடு வாசற்படியிலேயே நின்றார்.

“தேவமாதா மோட்சத்துக்குப் போன திருநாளுங்க இன்னிக்கு. கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய கடன் திருநாள் வந்தா அன்னிக்கு சுத்தபோசனம் கிடையாது,” என்றாள் அம்மா.

“இன்னா அண்ணே, பாவத்த நான் தின்னுக்கறேன், நீ குழம்ப மட்டும் ஊத்திக்க,” என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சாமியாரையே கேட்டுவிடுகிறேன் என்று மாதா கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா சட்டி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே என் கால் ஓய்ந்தது.

திரும்பி வந்த அப்பா, தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து உட்கார வைத்து, முதல் கரண்டிக் கறியைத் தானே அவர் தட்டில் போட்டார்.