உதடு அசைந்த குற்றம்

கறக்... கறக் என்று இருட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால் மற்றவர்கள் கள்ளன் என்று பயப்படுவார்கள். ஒன்லைனில் படிக்கிற தாய்மார் நாங்கள், பரீட்சை போச்சே என்றுதான் பயப்படுவோம். கல்லூரி கனடாவில், மாணவி பலேர்மோவில், நடுவில் ஆறு மணித்தியாலம். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுப் புத்தகம் திறக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

மச்சாளின் ஆலோசனை

கணினிப் பட்டத்துக்கு இரண்டு வருடம் சமூகக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் வருடம். இந்த வழியைக் காட்டியவள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், என் கணவர் ஜூட்டின் தங்கை. "முதல்லை கொம்பியூட்டர் பாடம் எல்லாத்தையும் எடு, கணக்கைப் பிறகு பாப்பம்" என்றாள். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். சொன்னதைச் செய்வேன், ஏன் என்று கேட்கமாட்டேன்.

ஐந்து பாடம் முடித்த பிறகுதான் கல்லூரி ஆலோசகர் பல்கலைக்கழகத்தின் பட்டியலைத் திரையில் காட்டினார். என் ஐந்தில் அவர்கள் ஏற்பது ஒன்றே ஒன்று. கட்டாயம் கேட்பதோ நான் தள்ளிவைத்த நுண்கணிதம். உடனே மச்சாளுக்குக் கோல் எடுத்தேன்.

"எடியே, நான் நேர்சிங் எல்லோ படிச்சனான், எனக்கென்ன தெரியும்?"

கமராவுக்குள் ஒரு கண்

நுண்கணிதப் பரீட்சையைக் கமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் கூடாது, பேச்சும் கூடாது. ஜூட்டுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் உணவகக் குசினியில் வேலை; வர இரவு ஒரு மணியாகும். மூன்றாவது கேள்வியில் அந்தக் கறக்... கறக். எங்கள் அறைக்கதவுக்குப் பூட்டு இல்லை. மெல்லத் திறந்தது. கதவைச் சுரண்டின கரண்டியோடு மூன்று வயது மகள் அனித்தா: "மம்மா, ஆக்குவா!"

கமராவில் படாமல் கையை நீட்டித் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் நெஞ்சு அடித்த அடியில், சின்ன வயதில் பழகினபடி, கை கணக்கைச் செய்ய உதடு மரியன்னையை வேண்டும் மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. திரை கறுத்தது. யாரோடு பேசுகிறீர்கள் என்று எழுத்து வந்தது. பொய் சொல்லப் பயந்து, மேரியோடு என்று எழுதினேன்.

"மேரி உடனே அறையைவிட்டு வெளியேற வேண்டும்."

வாய்ப்பூட்டு

பரீட்சை செல்லாது என்றார்கள். மேரி ஆரென்று விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். இன்னும் ஒரேயொரு தடவை தந்தார்கள். அதுவும் பிழைத்தால் மூன்றாம் வருட இடம் போய்விடும்.

ஆகவே உதட்டை அடக்கப் பழகினேன். ஒரேத்தோத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில் நிலம் துடைக்கும்போது எப்போதும் செபம் முணுமுணுப்பேன். இப்போது வாய் பூட்டு, மனதுக்குள் கணக்கு. மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, எண்பது வயது, தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தா.

"இவ்வளவு நாளும் எனக்காகச் செபித்தாயே, ஏன் நிறுத்திவிட்டாய்? டொக்டர் உன்னிடம் ஏதும் சொன்னாரா?"

சலவை மெஷினுக்கு மேல்

இதை எழுதும்போது பரீட்சைக்கு இருபது நிமிடம். எங்கள் வீட்டில் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு ஒன்றுதான், குளியலறைக் கதவு. சலவை மெஷினுக்கு மேல் லப்டொப், முன்னால் பிளாஸ்டிக் கதிரை. ஜூட் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அனித்தாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருக்கிறார்.

"என்னையறியாமல் உதடு அசைஞ்சா என்னப்பா செய்யிறது?" என்றேன்.

"நீர் உள்ளுக்கை கணக்கைச் செய்யும். செபத்தை நான் இஞ்சை வெளியிலை சொல்லுறன், மேரியும் என்னோடையே இருக்கட்டும்."

பல்கலைக்கழகத்து மூன்றாம் வருடத்துக்குப் போகிற வழி குளியலறைக்குள்ளால் போகுமென்று எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாயிற்று.