ராகு காலத்தில் ஒரு சட்னி ஜார்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு ஏலம் நடந்தது. ஏலம் என்றதும் நகை, நிலம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மிக்ஸி ஜார். அதிலும் சின்னது. சட்னி ஜார்.

எங்கள் மிக்ஸி, கல்யாணத்தின்போது மாமனார் சீராகக் கொடுத்தது. மோட்டார் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. சட்னி ஜார் மட்டும் முதலில் அடியில் ஒழுகி, பிறகு விரிசல் விட்டு, ஒருநாள் போயே போய்விட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. போன கடையிலெல்லாம் "புது மிக்ஸி வாங்கிக்கங்க சார்" என்றார்கள். விஜயா — என் மனைவி, பழைய வாசகர்களுக்கு அறிமுகம் வேண்டாம் — காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்பா கொடுத்த மிக்ஸி, ஓடுகிற மிக்ஸி, அதை எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்றாள்.

நியாயம்தான். ஆனால் சாப்பிடுகிறவன் நான் அல்லவா?

பெரிய ஜாரில் கொஞ்சமாகப் போட்டால் பிளேடு சும்மா சுற்றும். தேங்காய் ஓரமாக ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். ஆகவே பத்துப் பேருக்கு அரைத்து இரண்டு பேர் சாப்பிட்டோம். காலையில் இட்லிக்குச் சட்னி, மதியம் தயிர் சாதத்துக்கும் அதே சட்னி, ராத்திரி... வேண்டாம், விடுங்கள்.

இந்த நிலையில்தான் பழைய சாமான்களை ஏலம் விடும் ஓர் ஆப்பில் அதே ஜாரைப் பார்த்தேன். பிரிக்காத பெட்டி. ஞாயிறு மாலை ஐந்து ஐம்பதுக்கு ஏலம் முடிகிறது.

ஆன்லைன் ஏலத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. கடைசி நொடி வரை வாயைத் திறக்கக் கூடாது. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பிடித்திருந்தாலும் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோமே, அதேதான். முதலிலேயே விலை கேட்டால் நமக்கு ஆசை என்று ஊருக்கே தெரிந்துவிடும். கடைசி ஐந்து நொடியில் கேட்டால் எதிராளி கண்ணாடியைத் தேடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். கைலாசபுரத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் கேமரா, ரேடியோ என்று வாங்கிக் குவித்திருக்கிறார்.

கொள்கையில் குறை ஒன்றுமில்லை. கொள்கைக்கு வாய்த்த ஆள்தான் சரியில்லை.

ஒருமுறை மூன்று நொடி இருக்கும்போது ஆப் என்னை வெளியே தள்ளி, மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. இன்னொருமுறை சரியாக அந்த நேரம் பார்த்து லோன் வேண்டுமா என்று ஒரு பெண் போன் செய்தாள். ஒரே ஒருமுறை ஜெயித்தேன். அவசரத்தில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருந்தது. அந்த டேபிள் கடிகாரம் இன்றும் என் மேஜையில் இருக்கிறது. வெள்ளி விலை கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக்.

இந்த முறை வேறு தடங்கல். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்!

விஜயா ஒரேயடியாகக் கூடாது என்றுவிட்டாள். அப்பா கொடுத்த மிக்ஸிக்கு ராகு காலத்தில் ஜார் வாங்குவதா? நாலரைக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள் என்றாள். அப்படிக் கேட்டால் கடைசி நொடிக் கொள்கை என்னாவது? நான் சட்டம் பேசினேன். இப்போது விலைதான் கேட்கிறோம், பணம் கட்டுவது ஆறு மணிக்கு மேல், ஆகவே வாங்குவது நல்ல நேரத்தில்தான் என்றேன்.

"தாலி நல்ல நேரத்துல கட்டுறோம்னு நிச்சயதார்த்தத்தை ராகு காலத்துல வைப்பாங்களா?" என்றாள்.

திருவானைக்காவலில் உட்கார்ந்துகொண்டு இதற்கு யாரால்தான் பதில் சொல்ல முடியும்?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எப்போதாவது நடக்கும். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இங்கே ஐந்து ஐம்பது என்றால் அங்கே இரவு எட்டு இருபது. ராகு காலம் எப்போதோ முடிந்திருக்கும். என் கணக்கின் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்து, விலையை அவள் கேட்டால்? விஜயா பஞ்சாங்கத்தை நினைத்துக் கொஞ்சம் யோசித்தாள். சரி, எண்ணூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றாள்.

மகள் வீடியோவில் வந்தாள். சாப்பிடப் போக வேண்டுமாம், சீக்கிரம் முடியுங்கள் என்றாள். நான் ராக்கெட் விடுகிறவன்போல நொடிகளை எண்ணினேன். மூன்று, இரண்டு... "போடும்மா." போட்டாள். முந்நூறு ரூபாய். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

ஆனால் ஏலம் முடியவில்லை. கடிகாரம் மறுபடி இரண்டு நிமிஷத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால், அந்த ஆப்பில் ஏலம் இன்னும் இரண்டு நிமிஷம் நீளுமாம். விதிகளில் போட்டிருக்கிறது. விதிகளை யார் படிக்கிறார்கள்? கடைசி நொடி என்று ஒன்று இருந்தால்தானே கடைசி நொடியில் கேட்க முடியும்!

எதிராளி ஐம்பது ஏற்றினான். மகள் ஐம்பது ஏற்றினாள். அவன் ஏற்றினான், இவள் ஏற்றினாள். எண்ணூறு வந்தது. அவன் எண்ணூற்று ஐம்பது என்றான்.

"அம்மா, நீ சொன்னது அவ்வளவுதான். விட்டுடலாமா?" என்றாள் மகள்.

மணி ஆறாக இன்னும் ஒரு நிமிஷம். விஜயா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒரு சட்னி ஜாருக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சட்னியை மூன்று வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஆறு அடித்தது. விஜயா என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். சிங்கப்பூர் போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலால் ஏதோ தட்டினாள். பத்து நொடி என்றேன். அசையவில்லை. ஐந்து என்றேன்.

"சும்மா இருங்க. இன்னும் இருக்கு."

இரண்டு நொடி இருக்கும்போது அழுத்தினாள். எட்டிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு! எதிராளியிடமிருந்து சத்தமே இல்லை. இரண்டு நிமிஷமும் ஓடித் தீர்ந்தது. ஏலம் முடிந்தது. ஜார் எங்களுடையது.

நாங்கள் ஐம்பது ஐம்பதாக ஏற்றியதால்தான் அவனும் ஏற்றினானாம், விஜயா சொன்னாள். ஒரே அடியாக அடித்தால் பயந்துவிடுவானாம். இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடாத வித்தை.

பணம் கட்டிய பிறகுதான் விற்பவரின் முகவரி வந்தது. டெல்லி, மும்பை என்று நினைத்திருந்தேன். பாலக்கரை. சிங்கப்பூர் வழியாகச் சுற்றி, ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் இருக்கும் ஜாரை வாங்கியிருக்கிறோம்! மறுநாள் நேரிலேயே போனேன். பாத்திரக் கடையை மூடிவிட்டு, மிச்சச் சரக்கை விற்றுக்கொண்டிருந்தார் மனுஷர். அலமாரியில் அதே ஜார் இன்னும் மூன்று.

"ஒண்ணொண்ணாத்தான் சார் போடணும். மொத்தமாப் போட்டா யாரும் அடிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

நேரில் வந்ததற்காக இன்னொன்றை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். விஜயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

அவள் தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன கதையில் இரண்டு நொடி அதற்குள் அரை நொடியாகியிருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்தனை வருஷத்துல நான் எதையும் போட்டி போட்டு வாங்கினதே இல்லீங்க. யாராவது கேட்டா விட்டுக் கொடுத்துடுவேன். நேத்து நல்லா இருந்துச்சு."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒரு ஜாரை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தேன். மற்றது இப்போது பரணில், பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

விஜயா இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. வீட்டில் கேட்டதையே காசு கொடுத்துப் படிப்பானேன் என்பது அவள் கட்சி. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இந்த ஜாரும் ஒருநாள் உடையும். அன்றைக்குப் பரணில் இருப்பதைச் சும்மா எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஏலம் விடுவதாக உத்தேசம். எதிர்த்துக் கேட்க நான் இருக்கிறேன் — தோற்பதில் எனக்குத்தான் நல்ல அனுபவம் ஆயிற்றே!