பாதி அடியா, முழு அடியா?

கதை நடத்துகிற தொழிலில் அரக்கனைக்கூடச் சமாளித்துவிடலாம். அரக்கன்மேல் விழுந்தது பாதி அடியா, முழு அடியா என்று கேட்கிறவர்களைத்தான் சமாளிக்க முடியாது. மேசையைச் சுற்றி மூன்று நாலு பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு வேடம் கொடுத்து, பகடையை உருட்டச் சொல்லி, "இப்போது குகைக்குள் நுழைகிறீர்கள்" என்று ஆரம்பிக்கிற என் சக பாவிகளுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அரியலூரில் என் ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறு மதியம் ஆட்டம். வருவது மூன்றே பேர். கல்லங்குறிச்சி மாணிக்கம் அண்ணன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். ஆட்டத்தில் கோடரி வீரன். சேகர் வக்கீல் ஆட்டத்தில் திருடன். கோமதி பெரம்பலூரில் மருந்துக்கடையில் நிற்கிறாள், இங்கே மந்திரக்காரி. அந்த மந்திரக்காரிக்குப் பெயர் வைத்து, படம் வரைந்து, ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாள். "இவ செத்துப்போனா அடுத்த வாரம் நான் பஸ் ஏற மாட்டேண்ணே" என்று முன்பே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். மூன்றில் ஒன்று போனால் ஆட்டம் அத்தோடு சரி. நாலாவது ஆளைத் தேடி நான் ஊரெல்லாம் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

இவர்கள் குகையில் மோதிக்கொண்டிருக்கும் அரக்கனுக்கு ஒரு குணம். சாதா ஆயுதத்தால் அடித்தால் பாதிதான் படும். மந்திர ஆயுதம் என்றால் முழுசாகப் படும். விதிப்புத்தகத்தில் இரண்டே வரி. படித்தபோது எனக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

கல் விழுந்தது

கோமதியின் மந்திரக்காரி ஒரு பாறையை மந்திரத்தால் மேலே தூக்கி, அரக்கன் தலைக்கு நேராக விட்டுவிட்டாள். பகடையில் பன்னிரண்டு. தூக்கியது மந்திரம், விழுந்தது பாறை. நான் முழுசு என்றேன். உடனே வக்கீல் எழுந்துவிட்டார். விட்ட கணத்திலேயே மந்திரம் முடிந்துபோனதாம், அதற்கப்புறம் விழுந்தது வெறும் கல்லாம். அவர் கட்சிக்கு எதிராகவே அவர் வாதாடுகிறார் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

சரி, பாதி என்றேன். கோமதியின் முகம் வாடியது. முழுசு என்றேன். வக்கீல் மறுபடி எழுந்தார். ஐந்து நிமிடத்தில் நான் மூன்று முறை கட்சி மாறினேன். கடைசியில், தினமும் கல்லோடு புழங்குகிற மனிதராயிற்றே என்று மாணிக்கம் அண்ணனைப் பார்த்தேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"டிப்பர்ல கொட்டுனாலும் கையால போட்டாலும் கால்ல வுழுந்தா ஒரே வலிதான் தம்பி. எதுக்கும் நீங்க அந்த அரக்கன்கிட்டயே ஒரு வார்த்த கேட்டுருங்க."

தீப்பந்தம்

வக்கீலின் திருடனிடம் மந்திரமே கிடையாது. எரிகிற தீப்பந்தத்தால் அரக்கனை ஓங்கி ஒரு போடு போட்டார். பந்தத்தின் கட்டை சாதா ஆயுதம், ஆகவே பாதி. தீ ஆயுதமே இல்லை, ஆகவே முழுசு. கட்டைக்கு ஐந்து, அதில் பாதி இரண்டரை, அரையை விட்டுவிட வேண்டும், தீயைத் தனியாகக் கூட்ட வேண்டும். பாழாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டேன், மூன்று விடை வந்தது. கோமதி கன்னத்தில் கை வைத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுக்குற மாத்திரைய எங்க கடைக்கு வர்றவங்க ரெண்டு நாள்ல நிறுத்திப்புடுவாங்கண்ணே, அப்பறம் கிருமி அந்த மாத்திரைக்கு அசைஞ்சே குடுக்காது. இந்த அரக்கன் எத்தன நாள் கோடாலி வெட்டு வாங்கிட்டு நிறுத்துனான்?"

ரெண்டு போர்வை

மாணிக்கம் அண்ணனின் வீரனுக்கு ஒரு கவசம் உண்டு. சாதா அடி எதுவானாலும் அதில் பட்டுப் பாதியாகிவிடும். கோமதி அதற்கு மேல் ஒரு காப்பு மந்திரமும் போட்டாள். அதுவும் பாதியாக்கும். பாதியும் பாதியும் போனால் அடியே இல்லை என்று அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டார். புத்தகமோ, எத்தனை காப்பு இருந்தாலும் ஒரே ஒரு முறைதான் பாதியாக்க வேண்டும் என்கிறது. சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஏன் அப்படி என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

"மார்கழியில ரெண்டு போர்வை போத்துனா ஒரு போர்வைக் குளிரத்தான் தாங்கும்னு ஒங்க புக்குல போட்டுருக்கா தம்பி?"

ஆயுத பூஜையன்று

கோர்ட் லீவு, லாரி ஓடாது என்பதால் அன்றைக்கே கூடினோம். முந்தின ஆட்டம் மோசமாக நின்றிருந்தது. மந்திரக்காரி அரக்கன் காலடியில் விழுந்து கிடக்கிறாள். அவளுக்கு மீதி உயிர்ப்புள்ளி மூன்று. அரக்கனின் அடுத்த அடி அவளுக்குத்தான். அதற்கு முன் மாணிக்கம் அண்ணனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. கோடரி முழுசாக வெட்டினால் அரக்கன் சாக வழியுண்டு. பாதி வெட்டென்றால் எந்தப் பகடை விழுந்தாலும் போதாது. கோமதி வந்ததிலிருந்து தான் வரைந்த மந்திரக்காரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தன் வீரனின் தாளை எடுத்து மேசையில் வைத்தார். 'கோடரி' என்று எழுதியிருந்த வரிமேல் சந்தனம், குங்குமம். காலையில் ஜாக்கி, ஸ்பேனரோடு சேர்த்து அந்தத் தாளையும் பூஜையில் வைத்திருக்கிறார். "இனிமே இது சாதா கோடாலி இல்ல தம்பி" என்றார். பொரி கடலை வைத்துப் படைத்த ஆயுதத்தைப் பற்றி விதிப்புத்தகத்தில் எங்கே இருக்கப்போகிறது? ஆனாலும் புரட்டினேன். சரி என்று சொல்லிவிடத்தான் ஆசை.

வக்கீலால் சும்மா இருக்க முடியவில்லை. "பூஜையில வச்சத மறுநாள்தானண்ணே எடுக்கணும்? இன்னிக்கே எடுத்தா பூஜை செல்லாது. செல்லலேன்னா அது சாதா கோடாலி. செல்லும்னா தொடவே கூடாது" என்றார். சொன்ன பிறகுதான் கோமதியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்றைக்கு லாரியை எடுக்காமல் டவுன் பஸ்ஸில் வந்த மனிதர் மாணிக்கம் அண்ணன். அவருக்கு அது விளையாட்டு வாதமாகப் படவில்லை. தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். "கோடாலிய எடுக்கல. வெறுங்கையோட போயி கோமதிப் புள்ளைக்கு முன்னால நின்னுக்குறேன். அடி எனக்கு வுழட்டும்" என்றார்.

எல்லோர் முன்னிலையிலும் அரக்கனுக்காக நான்தான் உருட்ட வேண்டியிருந்தது. பதினாறு. அவர் வீரனுக்கு மீதி உயிர்ப்புள்ளி ஒன்பது. முழுசு என்றால் வீரன் செத்தான். அவன் கவசம் பாதியாக்கினால் எட்டுதான், ஒன்று மிஞ்சும். ஆனால் கவசம் தடுப்பது சாதா அடியை மட்டும், கோமதி போட்ட காப்பும் அவள் விழுந்ததோடு கலைந்துவிட்டது. அரக்கனின் நகம் சாதாவா, மந்திரமா? புத்தகத்தில் நகத்தைப் பெரிதாகப் படம் போட்டிருந்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

"அண்ணனுக்கு வுழுந்தது பாதியா, முழுசாண்ணே?" என்று கேட்டாள் கோமதி. கண் கலங்கியிருந்தது. ஒரு வருடமாக இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் கேட்டார். வக்கீல்கூட எழுந்திருக்கவில்லை.

புத்தகத்தை மூடினேன். "சாதா நகம். பாதி" என்றேன். கோமதி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மந்திரக்காரி எழுந்து வீரனை இழுத்துக்கொண்டு குகையைவிட்டு ஓடினாள். மாணிக்கம் அண்ணன் மட்டும் தாளில் 'ஒன்று' என்று எழுதிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் நாங்க பயந்து செத்தது சாதா நகத்துக்கா தம்பி?"

எது மந்திர அடி, எது சாதா அடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறேன், வக்கீலுக்கு மட்டும் தெரியாமல்.