ஏர்பேக்கில் காய்ந்த ரத்தம்

எனக்கு வாயைவிடக் கை முந்தும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

புனேக்கு வந்த பிறகு, கழித்துப்போட்ட கார்களின் சீட் பெல்ட்டையும் ஏர்பேக் துணியையும் கிழித்துப் பின்னி, சுவரில் தொங்கவிடும் படைப்புகள் செய்யத் தொடங்கினேன். போபோடியில் பங்கார் என்று சொல்லும் பழைய இரும்புக் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். என் கணவர் சாகணில் கார் கம்பெனி எஞ்சினியர். ஒரு விருந்தில் நண்பர்களிடம், "இவ குப்பை பொறுக்கியாந்து வீடெல்லாம் கொட்டி வெச்சிருக்கறா" என்று சொல்லிச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்து வைத்தேன். திரும்பும் வழியில் காரிலும் அதையே சொன்னார். ஓட்டிக்கொண்டிருந்தவரின் முகத்தில் ஓங்கி அறைந்தேன். கார் டிவைடரில் மோதியது. ஏர்பேக் வெடித்து அவர் மூக்கை உடைத்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசியது. இனி உங்கள் மேல் கை வைக்கவே மாட்டேன் என்று அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "நம்பறேன், விடு" என்றார். அவர் உண்மையாகவே நம்ப வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

காரைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அந்த ஏர்பேக்கை மட்டும் அறுத்து வாங்கி வந்தேன். கராடியில் ஓர் அலுவலகச் சுவருக்குப் பெரிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்த துணியைத் துவைக்காமல் அதன் நடுவில் வைத்தேன். பெல்ட்டுகளை வெறியோடு இழுத்துக் கட்டினேன், பெல்ட் கோக்கும் உலோக வளையங்களைத் துணியில் வைத்துச் சுத்தியலால் அறைந்தேன். விரல் இரண்டு முறை நசுங்கியது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் அவர் வந்து பார்த்தார்.

"இது நம்ம கார்தா?"

"ஆமாங்க."

"என்ற ரத்தமா?"

"ஆமா. வேண்டாம்னா பிரிச்சர்றேன்."

"இருக்கட்டும். அந்த முனைய நான் புடிக்கறேன்" என்று எதிரில் உட்கார்ந்தார். மன்னித்துவிட்டார் என்றே நம்பினேன்.

கடைசி வளையம் பாக்கி இருந்தது. துணியை அவர் விறைப்பாக இழுத்துப் பிடித்தார். நான் சுத்தியலைத் தூக்கினேன். அவர் துணியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.