ரூமுக்கு மூணு காபி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அக்கா பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் சாதி இல்லை, எங்கள் மதமும் இல்லை.

2. அப்பா தாலுகா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டில் அக்காவின் பெயரை அடிக்க வைத்தார்.

3. அம்மாவும் அக்காவும் வெள்ளிக்கிழமைகளில் ஓர் ஓட்டலின் குடும்ப அறையில் சந்திக்கத் தொடங்கினார்கள்.

4. அந்த ஓட்டலைப் புதுப்பிக்கும் வேலை, நான் படம் வரையும் ஆபீசுக்கு வந்தது.

5. நான் அந்த அறையின் மரத்தடுப்பை எடுத்துவிட்டு, துளைகள் உள்ள ஜாலிச் சுவர் போட்டேன்.

6. அப்பா அங்கே காபி குடிக்க வந்தார்.

ஐந்தாவது நடக்காமல் இருந்திருந்தால் ஆறாவதால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில் இருந்தது அந்த ஓட்டல். வாசலில் 'குடும்பத்தினருக்குத் தனி அறை உண்டு' என்று ஒரு தகரப் பலகை. ஹாலைத் தாண்டிக் கடைசியில் பச்சை பெயின்ட் அடித்த மரத்தடுப்பு, அதில் ஸ்பிரிங் வைத்த அரைக் கதவு. உள்ளே நான்கு மேஜைகள். தனியாக வரும் ஆண்கள் அந்தக் கதவைத் தொடமாட்டார்கள். பெண்கள் ஹாலில் உட்காரமாட்டார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டத் தேவையும் இருக்கவில்லை.

சப்ளையர் எங்கள் அப்பா வயதுக்காரர். கதவுக்கு வெளியே நின்று "வரேம்மா" என்பார். உள்ளே இருப்பவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்ளும் நேரம் பொறுத்துத்தான் நுழைவார். ஹாலில் இருப்பவர்கள் கேட்டதைச் சமையல்கட்டுக்குச் சொல்லும்போது, ஓரத்து டேபிள், கண்ணாடிக்காரர், வாத்தியார் என்று அடையாளம் சொல்லிக் கத்துவார். எங்களுக்கு மட்டும் அடையாளம் கிடையாது. "ரூமுக்கு மூணு காபி." அவ்வளவுதான். ரூமில் யார் இருக்கிறார்கள் என்று ஹாலில் யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவள் அம்மா. வருஷத்துக்கு ஒருமுறை, தேர் பார்த்துவிட்டு வரும்போது, அப்பா எங்கள் மூவரையும் அங்கே அழைத்துப் போவார். மற்றபடி அம்மா ஓட்டல் படி ஏறியதில்லை. ஆனால் அக்கா போய் நான்கு மாதம் ஆனபோது, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும் வழியில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள். எங்கள் தெருவுக்கு அக்கா வரமுடியாது. ஆஸ்பத்திரிப் பக்கம் அம்மா போகமுடியாது. கோயிலில் ஆயிரம் கண். "இங்க வரச் சொல்லுடி அவள" என்றாள் என்னிடம்.

அதிலிருந்து இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை நான்கரை மணி. நான் ஆபீசில் அரைமணி முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தேன். கோயிலுக்குப் போக என்று சொல்லித்தான். அது பொய்யும் அல்ல. அம்மா அர்ச்சனையை முடித்துக்கொண்டு, விபூதி குங்குமத்தை ஒரு பொட்டலத்திலும் குழம்பை ஒரு சின்னத் தூக்கிலும் கொண்டுவருவாள். தூக்கை மேஜைக்கு அடியில் கைமாற்றுவாள். குங்குமத்தை என்ன செய்வது என்று அக்கா ஒருமுறை கூடக் கேட்கவில்லை, வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

அம்மா எப்போதும் தனக்குப் பசியில்லை என்பாள். அக்கா ரவா தோசை சொல்லி, பாதியை அம்மா பக்கம் தள்ளுவாள். அம்மா அதை விள்ளும்போதே அவளைத் திட்டுவாள். இளைத்துவிட்டாள், தலைக்கு எண்ணெய் இல்லை, ரவிக்கை தைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு தைத்திருக்கிறான். அக்கா சிரித்துக்கொண்டே, "வாரம் ஒருக்கா திட்டு வாங்கத்தான் பஸ் ஏறி வரேன், குறைக்காதம்மா" என்பாள். அம்மா ஒருநாளும் மருமகனைப் பற்றி நேராக விசாரித்ததில்லை. "வீட்டுல எல்லாம் நல்லா இருக்குதா" என்பாள். எல்லாம் என்றால் அவர்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, ஒரு எஞ்சினியரின் ஆபீசில் படம் வரைபவளாக இருந்தேன். ஓட்டல் முதலாளி வந்தபோது அவருக்கு இரண்டு புகார்கள். தடுப்பில் மூட்டைப்பூச்சி. அறையில் இருட்டு. எஞ்சினியர் ஒரு தாளில் கோடு இழுத்துக் கொடுத்து, மீதியை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு அது முதல் வேலை இல்லை. ஆனால் நான் உட்கார்ந்து சாப்பிட்ட ஓர் இடத்தை வரைவது முதல்முறை. மரத்துக்குப் பதிலாக, அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த சிமென்ட் ஜாலியைப் போட்டேன். துளை துளையாக வார்த்த கட்டைகளை அடுக்கிக் கட்டும் சுவர், காற்று வரும், பூச்சி வராது. மேற்கே இருந்த சந்தின் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வைத்தேன். தரைப் பரப்புக்கு இத்தனை பங்கு ஜன்னல் வேண்டும் என்று படித்திருந்தேன், அதைவிடக் கூடுதலாகவே வைத்தேன். அம்மா உட்கார வெளிச்சமாக இருக்கட்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வேலை நடந்த ஏழு வாரமும் அவர்கள் சந்திக்கவில்லை. அம்மா என்னிடம் கேட்பாள், பூச்சு முடிந்ததா, வெள்ளை அடித்தாயிற்றா என்று. ஒரு கட்டட வேலையை அத்தனை கவலையோடு விசாரித்தவர்களை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

முடிந்ததும் எஞ்சினியரோடு போய்ப் பார்த்தேன். அறைக்குள் நின்று ஜாலி வழியாக ஹாலைப் பார்த்தேன். துளைகளில் இருட்டுத்தான் தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. திருப்தியாக இருந்தது. ஹாலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்து வெளியே வந்தேன். அந்த ஹாலை டேப் வைத்து அளந்திருக்கிறேன். ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

வெளிச்சத்தில் இருப்பவருக்கு இருட்டில் இருப்பது தெரியாது, இருட்டில் இருப்பவருக்கு வெளிச்சத்தில் இருப்பது முழுக்கத் தெரியும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. அப்பாவுக்குப் பட்டுக்கடையில் சேலை பார்க்கும் வேலை. நெசவாளர் கொண்டுவரும் சேலையை ஜன்னலுக்கு எதிரே கழியில் தொங்கவிட்டு, தான் உள்பக்கம் நின்று பார்ப்பார். எங்கே ஓர் இழை அறுந்திருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஓட்டல் திறந்தபின் வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்காரச் சௌகரியம் என்று ஜாலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா ஜாலிக்கு முதுகு காட்டி. அம்மா பிள்ளைக்குத் தொட்டில் சேலை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அது பழைய சேலையா புதுசா என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தாள்.

சப்ளையர் "வரேம்மா" என்றார். ஆனால் கையில் தட்டு இல்லை. அம்மாவைப் பார்க்காமல், மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க வீட்டுக்காரரு வெளிய உக்காந்துக்கினு இருந்தாரும்மா. கூட ஒருத்தரு. இப்பத்தான் போனாங்க. ரூமுக்கும் சேத்துக் காசு குடுத்துட்டாரு."

அம்மா எழுந்துவிட்டாள். தூக்கை எடுத்தாள், வைத்தாள். அக்கா அசையவில்லை.

"எனக்கும் சேத்தா குடுத்தாரு?" என்று அவரிடம் கேட்டாள்.

"மூணு காபி, ஒரு ரவாம்மா. எல்லாத்துக்கும்."

அக்கா சிரிக்க ஆரம்பித்து, முடிக்கவில்லை.

அப்பாவோடு வந்தவர் முசரவாக்கத்திலிருந்து வந்த எங்கள் பங்காளி. அது அன்று மாலை வீட்டில் தெரிந்தது. அப்பா சாப்பிட்டார், கை கழுவினார். சத்தம் போடவில்லை. சின்னவளுக்கு இடம் பார்க்கவேண்டும், ஊரில் இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும், அவர்கள் வாயில் நாம் விழக்கூடாது என்று பொதுவாகச் சொன்னார். சின்னவள் நான். பிறகு அம்மாவிடம்,

"இனிமே வெள்ளிக்கெழமை கோயிலுக்கு நானே கூட்டிக்கினு போறேன்" என்றார்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படியே செய்தார். கடையில் சொல்லிவிட்டு நான்கு மணிக்கு வந்துவிடுவார். அம்மா நாலடி பின்னால் நடப்பாள். திரும்பும்போது ஓட்டலைத் தாண்டுகிற இடத்தில் அம்மா தெருவின் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்காவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தே இருந்தது, இருந்தாலும் அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் வந்து அறையில் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்து அக்காவின் கணவருக்கு ராணிப்பேட்டைக்கு மாற்றல் வந்தது. தொட்டில் சேலையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் என் தவற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். அக்கா ராணிப்பேட்டைக்குப் போன பிறகு ஒரு நாள் நான்கரை மணிக்கு அந்த ஓட்டலுக்குப் போய், ஹாலில் உட்கார்ந்தேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சப்ளையர் ஓடிவந்து, "ரூம் காலியாத்தாம்மா இருக்குது" என்றார். இங்கேதான் உட்காரவேண்டும், அன்றைக்கு அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன். அவர் ஒரு மேஜையைக் காட்டினார்.

அறைக்குள் அப்போது ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக முழுக்க விழுந்தது. பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டிய கேசரி கூடத் தெரிந்தது. அக்கா உட்கார்ந்த நாற்காலி நேர் எதிரே இருந்தது. அப்பா பார்த்தது அம்மாவின் முதுகையும் அக்காவின் முகத்தையும்.

சப்ளையர் காபி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

"தொறந்த மொதோ வெள்ளிக்கெழமையே வந்தாரும்மா. சும்மா காபிக்குத்தான் வந்தாரு, பாத்துட்டாரு. அடுத்த வாரமும் அதே எடம், அதே நேரம். காபி ஆறிப்போவும். வேற போட்டுத் தரட்டான்னா வேணாம்பாரு. மூணாவது வாரம் அந்த ஊர்க்காரரு வழியில புடிச்சிக்கினு கூடவே வந்துட்டாரு. இவரு அந்தப் பக்கம் போலாம்னாரு. அவருதான் இங்க காத்து வருதுன்னு உக்காந்துட்டாரு."

மூன்று வாரம். அவர் தனியாக வந்த இரண்டு வாரமும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலில் கூட்டமா என்று மட்டும் கேட்டிருந்தார். அம்மா ஆமாம் என்றிருந்தாள்.

ஏன் எங்களிடம் முன்பே சொல்லவில்லை என்று சப்ளையரைக் கேட்டேன்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்க" என்றார். "அப்புறம் அவரு இன்னாத்தப் பாக்கறது?"

அக்காவுக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன். அவள் பதிலில் குழந்தைக்குப் பல் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவிடம் ஒரே ஒரு முறை, அந்த ஓட்டலுக்கு இப்போது போவதில்லையா என்று கேட்டேன். கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தாமல், "காபி முன்ன மாதிரி இல்ல" என்றார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் அவரோடு நடக்கிறாள். அவர் மனம் கல் என்று நினைத்துக்கொண்டு நடப்பது சுலபமா, அல்லது இது தெரிந்து நடப்பது சுலபமா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

அக்காவின் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அம்மா அவளைப் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் இடம் அமையவில்லை. ரேஷன் கார்டில் மூன்று பேர் இருக்கிறோம். அறை, ஜன்னல், ஜாலி எல்லாம் நான் வரைந்தபடியே இருக்கின்றன.